தலையெழுத்தும் தலைநீரும்

(குன்னூரில் தேயிலைத் தோட்டத் தோழர்கள் கூட்டிய கூட்டத்தில் நாம் பேசியதன் விவரம்)



இன்று நமக்குப் பேசக் கொடுத்திருக்கும் விஷயம் மூளையையும் முதுகுத் தண்டுவடத்தையும் சுற்றியுள்ள நீரைப் பற்றியது. நோட்டீசைப் பார்த்த ஒரு நண்பர், "என்ன ஐயா, சாமியையும் சாஸ்திரத்தையும் விட்டுவிட்டு வைத்தியத்துக்குப் புறப்பட்டுவிட்டீர்களா?" என்று வழியில் நிறுத்திக் கேட்டார். நாம் வைத்தியரல்ல. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, பிறகு கண்ட புத்தகத்தையெல்லாம் எழுத்துக்கூட்டிப் படித்து, தெரியாததை டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவர்களேயாவோம். ஆனாலும் இந்த நீர் விஷயத்தில் சாமி, பேய், தலைவிதி ஆகிய மூன்றும் வந்து புகுந்துகொண்டிருப்பதால் நாம் பேசவேண்டியதாயிருக்கின்றது. நீங்கள் நாம் சொல்வதையும் அப்படியே நம்பவேண்டுமென்பதில்லை. கேட்டு, யோசித்து, சரியென்று பட்டால் ஒப்புக்கொள்ளுங்கள்.

முதலில் தலைவிதியை எடுத்துக்கொள்வோம். மண்டை ஓட்டை உங்களில் சிலராவது பார்த்திருப்பீர்கள். அதன் மேல் எறும்பு ஊர்ந்த தடம்போல் வளைந்து வளைந்து சில கோடுகள் ஓடும். அதுதான் பிரமன் எழுதிய தலையெழுத்து என்று நம் பாட்டிமார் சொன்னார்கள், நாமும் நம்பினோம். அந்த எழுத்து என்ன பாஷை, அதில் என்ன வாசகம் என்று படித்துச் சொன்னவர் இதுவரை ஒருவருமில்லை. ஆனால் அதற்கு அர்த்தம் சொல்லிக் காசு வாங்குகின்றவர்கள் மாத்திரம் ஊருக்குப் பத்துப்பேர் இருக்கின்றார்கள்! உண்மை என்னவென்றால், மண்டை ஓடு ஒரே எலும்பல்ல. பல எலும்புத் தகடுகள் பல்லோடு பல் கோத்ததுபோல் சேர்ந்திருக்கின்றன. சேர்ந்த இடத்துத் தையல்தான் அந்தக் கோடு. பிறந்த குழந்தைக்கு இந்தத் தையல் இறுகியிருப்பதில்லை. மூளை வளர இடம் வேண்டுமல்லவா? தகடுகள் கூடாத இடம்தான் உச்சிக்குழி. அது சுமார் ஒன்றரை வயதுக்குள் மூடிக்கொள்ளும்.

சில குழந்தைகளுக்குத் தலைக்குள் இருக்கும் நீர் வெளியேறும் வழி அடைபட்டுப்போகின்றது. நீர் ஊறிக்கொண்டேயிருக்க, போக வழியில்லாததால் தலை பெருக்கின்றது. அப்பொழுது அந்தக் கோடுகளே விலகிப்போகின்றன. பிரமன் எழுதியதைத் தண்ணீர் பிரித்துவிடுகின்றது என்றால் அந்த எழுத்தின் யோக்கியதையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இப்பேர்ப்பட்ட குழந்தையைப் பெற்றவளை "கிரகணத்தில் வெளியே போனாய், எலுமிச்சம்பழத்தைத் தாண்டினாய்" என்று திட்டி அழவைக்கின்றார்கள். டாக்டரோ தோலுக்கடியில் ஒரு மெல்லிய குழாயைத் தலையிலிருந்து வயிற்றுக்கு இறக்கி, மிஞ்சிய நீரை அங்கே வடியவிடுகின்றார். நம் வீட்டுத் தோட்டத்தில் தேங்கின தண்ணீருக்கு வாய்க்கால் வெட்டுவதற்கும் இதற்கும் தத்துவத்தில் பேதமில்லை.

இனி இந்த நீர் என்ன, எதற்காக இருக்கின்றது என்று பார்ப்போம்.

மூளை மிகவும் மெதுவான பொருள். நன்றாய் வளர்ந்த மனிதனுடைய மூளை சுமார் 1400 கிராம் எடையிருக்கும். இந்த எடையோடு அது எலும்பின் மேல் உட்கார்ந்திருந்தால், தன் பாரத்தினாலேயே தன் அடிப்பாகத்தை நசுக்கிக்கொள்ளும். கிணற்றில் தண்ணீர் சேந்துகின்ற தாய்மார்களுக்குத் தெரியும். குடம் நீருக்குள் இருக்கும்வரை இலேசாயிருக்கின்றது, நீர்மட்டத்துக்கு மேல் வந்தவுடன் கையைப் பிடுங்குகின்றது. அதேபோல் மூளை இந்த நீரில் மிதப்பதால் அதன் 1400 கிராம் சுமார் 50 கிராம் போலத்தான் கீழே அழுத்துகின்றது. நாம் ஓடினாலும், குதித்தாலும், கொழுந்துக் கூடையோடு சரிவில் கால் வழுக்கி உட்கார்ந்தாலும், மூளை எலும்பில் மோதாதபடி இந்த நீர் தாங்கிக்கொள்கின்றது. தேங்காயில் நீர் பருப்புக்கு உள்ளே மாத்திரம் இருக்கும்; தலையிலோ மூளைக்குள் இருக்கும் அறைகளிலும் நீர், வெளியிலும் நீர், முதுகெலும்பின் குழாய்க்குள் இறங்கும் தண்டுவடத்தைச் சுற்றியும் அதே நீர்.

அளவு எவ்வளவு? எந்த நேரத்திலும் சுமார் 150 மில்லி; ஒரு தேநீர்க் குவளை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு நாளைக்குச் சுமார் அரை லிட்டர் புதிதாய் ஊறுகின்றது. மூளையின் உள்ளறைகளில் இரத்தக் குழாய்கள் நிறைந்த சில மடிப்புகள் இரத்தத்திலிருந்து இதை ஊறச் செய்கின்றன. அது அறைக்கு அறை நகர்ந்து, வெளியே வந்து, மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றிவிட்டு, கடைசியில் மறுபடியும் இரத்தத்திலேயே போய்ச் சேருகின்றது. ஆகவே ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை பழைய நீர் போய்ப் புது நீர் வருகின்றது. பார்வைக்குப் பச்சைத் தண்ணீர்போல் தெளிவாயிருக்கும். இரத்தத்தில் இருக்கும் சர்க்கரையில் மூன்றில் இரண்டு பங்களவு இதில் இருக்கும். இந்தச் சங்கதியைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கின்றது.

இவ்வளவு கண்கூடான நீரை மனிதன் எப்பொழுது கண்டுபிடித்தான் என்று கேட்டீர்களானால் ஆச்சரியப்படுவீர்கள். சுமார் 1800 வருஷங்களுக்கு முன் கேலன் என்ற கிரேக்க வைத்தியர் இருந்தார். கெட்டிக்காரர்தான். ஆனால் மூளையின் அறைகளில் ஒருவித ஆவி நிரம்பியிருக்கின்றதென்றும், அதுதான் மனிதனை நினைக்கவும் நடக்கவும் வைக்கின்றதென்றும் எழுதி வைத்துவிட்டார். அவ்வளவுதான்! ஐரோப்பாவில் 1500 வருஷ காலம் அது வேதவாக்காய்ப் போய்விட்டது. பிணத்தை அறுத்துப் பார்க்கத்தான் செய்தார்கள். ஆனால் முதலில் தலையை வெட்டித் தனியே எடுத்துவிட்டுப் பிறகு பரீட்சித்தார்கள். கழுத்தை வெட்டின மாத்திரத்தில் நீரெல்லாம் வழிந்தோடிவிட்டது. காலியான அறையைப் பார்த்து, "ஆகா, பெரியவர் சொன்னது சரி, இங்கே ஆவிதான் இருந்தது" என்றார்கள். 1764-இல் இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்தில் கோட்டுக்னோ என்ற வைத்தியர் ஒரு சாதாரண காரியம் செய்தார். தலையை வெட்டுவதற்கு முன், பிணத்தை நிமிர்த்தி நிறுத்தி, இடுப்புப் பக்கத்தில் முதுகெலும்பைத் திறந்தார். நீர் கொட்டிற்று. ஆவி இருந்ததாகச் சொன்ன இடத்தில் நீர் இருந்தது. முந்தி வெட்டுவதைப் பிந்தி வெட்டினதொன்றுதான் அவர் செய்த அதிசயம்.

நம் நாட்டார் மாத்திரம் இதில் இளைத்தவர்களா? உச்சியில் அமிர்தம் ஊறுகின்றதென்றும், நாக்கை மடித்து அண்ணத்துக்குள் செலுத்தினால் அது சொட்டுமென்றும், அதைக் குடித்த யோகிக்கு மரணமில்லையென்றும் சொல்லி வைத்தார்கள். இப்பொழுது சில படித்த மேதாவிகள் புறப்பட்டு, "வெள்ளைக்காரன் கண்ட மூளை நீர்தான் எங்கள் முன்னோர் சொன்ன அமிர்தம்" என்று கூச்சமில்லாமல் பேசுகின்றார்கள். தோழர்களே, இந்த நீர் தொண்டைக்குச் சொட்டுவதேயில்லை. தலையில் பலத்த அடிபட்டு மண்டையின் அடியெலும்பு விரிந்தால், சிலருக்கு இது மூக்கு வழியாகத் தண்ணீர்போல் ஒழுகும், தொண்டைக்கும் இறங்கும். அப்பொழுது அது சாகாவரமாகாது. அந்த விரிசல் வழியாகவே கிருமி உள்ளே ஏறி மூளைக்காய்ச்சல் வரக்கூடும் என்று டாக்டர்கள் பதறிப்போய்ச் சிகிச்சை செய்கின்றார்கள். அமிர்தம் என்று நக்கிக்கொண்டிருந்தால் ஆசாமி பிழைப்பது கஷ்டம். மோட்டார் சைக்கிளில் விழுந்து எழுந்தவனுக்கு இரண்டு நாள் கழித்து மூக்கில் நீர் வந்தால், சளி என்று எண்ணாமல் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள்.

மூளைக்காய்ச்சல் என்று சொன்னோமல்லவா? நாம் வந்த காரியமே அதுதான். மூளைக்கு மேல் மெல்லிய உறைகள் உண்டு. கண்ணுக்குத் தெரியாத கிருமி இரத்தத்தின் வழியாகவோ வேறு வழியாகவோ வந்து, அந்த உறைகளிலும் நீரிலும் குடியேறிப் பெருகும் வியாதியைத்தான் சொல்லுகின்றோம். கடுங்காய்ச்சல், தாங்கமுடியாத தலைவலி, வாந்தி, வெளிச்சம் பட்டால் கண் கூசுதல், பிறகு பிதற்றல், இழுப்பு. எல்லாவற்றிலும் முக்கியமானது கழுத்து விறைத்துப் போவதாகும். மோவாயை மார்பில் படும்படி குனிய முடியாது. கைக்குழந்தை பால் குடிக்காது, கீச்சென்று கத்தும், உச்சிக்குழி புடைத்து நிற்கும். இதைப் பார்த்து நம்மவர் என்ன சொல்லுகின்றார்கள்? ஜன்னி கண்டுவிட்டது என்கின்றார்கள். கழுத்து பின்னுக்கு வளைந்தால் பேய் பிடித்துத் திருப்புகின்றது என்கின்றார்கள்.

இதை நாம் பிறத்தியாரைக் கேலி செய்வதற்காகச் சொல்லவில்லை. நம் சொந்த சங்கதி ஒன்றைச் சொல்லுகின்றோம். நமக்கு அப்பொழுது இருபது வயது. கோத்தகிரிக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் நம் அக்காள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். அவருக்கு நான்கு வயதில் ஒரு பையன். முதல் நாள் காய்ச்சல், மறுநாள் வாந்தி, மூன்றாம் நாள் விடியற்காலம் கழுத்து விறைத்துவிட்டது. லயத்தில் எல்லோரும் கூடி, ஓடைக்கரை முனி அடித்துவிட்டது என்று தீர்மானம் செய்தார்கள். கோடாங்கி வந்தான், உடுக்கை அடித்தான், கறுப்புச் சேவல் கேட்டான். சேவல் கிடைக்க ஒரு பகல், பூசை போட ஓர் இராத்திரி. நான்காம் நாள் பையனுக்கு இழுப்பு வந்த பிறகுதான் ஜீப் பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம்.

டாக்டர் பார்த்தவுடன், முதுகில் ஊசி போட்டுக் கொஞ்சம் நீர் எடுத்துப் பார்க்கவேண்டும், சம்மதக் கையெழுத்துப் போடுங்கள் என்றார். மச்சானுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நம்மைத் திரும்பிப் பார்த்தார். கூட்டத்தில் எட்டாம் வகுப்புப் படித்த பண்டிதர் நாம் ஒருவர்தானே! நாம் என்ன சொன்னோம் தெரியுமா? "முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போகும், உயிர்த்தண்ணீரை எடுத்துவிட்டால் பிள்ளை தங்காது, வேண்டாம்" என்றோம். யாரிடம் படித்தோம்? டீக்கடையில் கேட்டது. கோடாங்கியாவது தன் தொழிலைச் செய்தான். நாம் யாதொரு கூலியும் வாங்காமல் அந்தப் பிள்ளையின் வழியில் குறுக்கே நின்றோம். டாக்டர் திட்டிக்கொண்டே, தெரிந்தவரை ஊகித்து ஒரு மருந்தை ஏற்றினார். காய்ச்சல் இறங்கவில்லை. மறுநாள் அவர் மறுபடியும் கெஞ்சியபிறகு சம்மதித்தோம். வந்த நீர் அரிசி களைந்த தண்ணீர்போல் இருந்தது. அதைப் பரீட்சித்து மருந்தை மாற்றினார். பையன் பிழைத்தான். ஆனால் இரண்டு காதும் கேட்காமல் போய்விட்டது.

கோடாங்கியால் போன நாட்களால் காது போயிற்றா, நம்மால் போன ஒரு நாளால் போயிற்றா, அன்றே வந்திருந்தாலும் போயிருக்குமா என்று எவராலும் நிச்சயமாய்ச் சொல்லமுடியாது. ஆயினும் அவனைப் பார்க்கும்போதெல்லாம் நமக்கு அந்தக் கையெழுத்துப் போடாத காகிதம்தான் ஞாபகம் வருகின்றது. அவன் இன்று குன்னூரில் தையல் வேலை செய்துகொண்டு பெண்டு பிள்ளைகளோடு இருக்கின்றான். இந்தக் கூட்டத்தில்தான் பின்னால் உட்கார்ந்திருக்கின்றான். நாம் பேசுவது அவன் காதில் விழாது. என்ன பேசப் போகின்றோம் என்பதை முன்னமே எழுதிக் காட்டி, சொல்லலாமா என்று கேட்டுக்கொண்டுதான் சொன்னோம்.

ஆகவே அந்த ஊசி விஷயத்தைத் தெளிவாய்ச் சொல்லிவிடுகின்றோம். தண்டுவடம் என்பது மூளையிலிருந்து முதுகெலும்புக்குள் இறங்கும் நரம்புக் கயிறு. ஆனால் முதுகெலும்பின் அடிவரைக்கும் அது போவதில்லை. பெரியவர்களுக்கு இடுப்புப் பாகத்து எலும்புகளில் முதலாவது இரண்டாவது எலும்பின் அளவிலேயே முடிந்துவிடும். பச்சைக் குழந்தைக்கு மூன்றாவது எலும்பு வரையில் வரலாம். அதற்குக் கீழே நீர்ப்பை மாத்திரம் நீண்டிருக்கின்றது. அதில் மெல்லிய நரம்புகள் குதிரைவால் மயிர்போல் தனித்தனியே மிதக்கின்றன. டாக்டர் ஊசி விடுவது இந்தக் கீழிடத்தில், மூன்றாவது நான்காவது எலும்புகளுக்கு நடுவிலோ அதற்கும் கீழோதான். தண்டுவடம் இல்லாத இடத்தில் தண்டுவடத்தை எப்படிக் குத்த முடியும்? மிதக்கின்ற நரம்பும் ஊசிக்கு விலகிக்கொடுக்கும். எடுக்கின்ற நீரோ ஒரு தேக்கரண்டியளவு. ஒரு மணி நேரத்துக்குள் அவ்வளவும் மறுபடி ஊறிவிடும். பிறகு சிலருக்கு இரண்டொரு நாள் தலைவலி இருக்கும், ஊசி போட்ட இடம் வலிக்கும். அது உண்மை, அதை நாம் மறைக்கவில்லை. தலைக்குள் அழுத்தம் மிகுந்திருக்கும் சிலருக்கும், இரத்தம் உறையாத சிலருக்கும் இந்த ஊசி கூடாது. அதைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியவர் டாக்டர். அப்பேர்ப்பட்டவர்களுக்கு நீர் எடுக்கக் காத்திராமல் மருந்தை முதலில் ஏற்றிவிடுவார்கள்.

அந்த நீரைக்கொண்டு என்ன தெரிந்துகொள்கின்றார்கள்? முன்னே சர்க்கரையை ஞாபகத்தில் வைக்கச் சொன்னோமே, அது இங்கே வருகின்றது. தெளிவாயிருக்க வேண்டியது கலங்கியிருக்கும். இருக்கவேண்டிய சர்க்கரை குறைந்துபோகும். நாலைந்துக்கு மேல் இருக்கக்கூடாத வெள்ளை அணுக்கள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் இருக்கும். க்ஷயரோகக் கிருமியானால் நீரைச் சற்று வைத்திருந்தால் சிலந்திவலைபோல் ஓர் ஆடை படிவதுமுண்டு. சாயம் ஏற்றிப் பூதக்கண்ணாடியில் வைத்தால் சில சமயம் கிருமியே கண்ணுக்குத் தெரியும். இன்ன கிருமி என்று தெரிந்தால் இன்ன மருந்து, இத்தனை நாள் என்று நிச்சயிக்கலாம். க்ஷயரோகத்துக்கு மாதக்கணக்கில் மருந்து வேண்டும், மற்றவற்றுக்கு வாரக்கணக்கில் போதும். எது என்று தெரியாமல் எப்படிக் கொடுப்பது? கோடாங்கிக்கு எல்லா வியாதிக்கும் ஒரே சேவல்தான், டாக்டருக்கு அப்படியில்லை.

இந்த ஊசி ஏதோ நேற்று வந்த புதுமையுமல்ல. 1891-இல் ஜெர்மனியில் கீல் நகரத்து வைத்தியர் குவின்கே இந்த முறையை வெளியிட்டார். அதே நகரத்தில் 1898-இல் பியர் என்ற அறுவை வைத்தியர் இந்த நீருக்குள் மருந்தைச் செலுத்தி, இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும்படி செய்தார். பிறரிடம் பரீட்சித்ததோடு நில்லாமல் தம் முதுகையே உதவியாளரிடம் காட்டினார். ஊசி சரியாகப் பொருந்தாமல் அவருடைய நீர் நிறைய வீணாய் ஒழுகிற்று. பிறகு உதவியாளர் தம் முதுகைக் காட்டினார். மருந்து வேலை செய்தது. மரத்த காலைச் சுத்தியலால்கூட அடித்துப் பார்த்தார்கள். மறுநாள் இருவருக்கும் பலமான தலைவலி. அதையும் மறைக்காமல் எழுதி வைத்தார்கள். தன் மந்திரத்தைத் தன்மேல் பரீட்சித்து, பலிக்காததையும் எழுதிவைத்த மந்திரவாதி யாரையாவது நீங்கள் பார்த்ததுண்டா?

இந்த இடத்தில் நம் குன்னூரைப் பற்றிச் சொல்லாமல் போகமுடியாது. சிம்ஸ் பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் பாஸ்டர் நிலையத்தை நீங்கள் தினமும் கடந்து போகின்றீர்கள். வெறிநாய்க் கடி ஊசி செய்ய ஏற்பட்ட இடம் என்பது தெரியும். ஆனால் அதன் சரித்திரம் முழுவதும் மூளையையும் தண்டுவடத்தையும் பற்றியது என்பது பலருக்குத் தெரியாது.

வெறிநாய்க் கிருமி இருக்கின்றதே, அது மகா தந்திரசாலி. எலும்புக் கோட்டை, உறை, நீர் அகழி என்று மூளைக்கு எத்தனை காவல் இருந்தாலும், அது அந்த வழியே வருவதில்லை. கடித்த இடத்து நரம்பைப் பிடித்துக்கொண்டு, நரம்புக்குள்ளாகவே ஏறித் தண்டுவடத்துக்கும் மூளைக்கும் போய்ச் சேருகின்றது. சேர்ந்து வியாதி வெளிப்பட்டுவிட்டால் பிழைப்பது அநேகமாய் இல்லை. ஆனால் ஏறுவதற்கு அதற்கு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் நாள் பிடிக்கும். அந்த இடைவேளையில்தான் பாஸ்டர் புகுந்தார். வெறிக்கிருமி ஏற்றிய முயலின் தண்டுவடத்தை எடுத்து, காற்றில் உலர்த்தி, விஷம் தணித்து, அதையே மருந்தாக்கி, 1885 ஜூலையில் பாரிஸில் ஒன்பது வயதுப் பையனுக்குப் போட்டுக் காப்பாற்றினார்.

இந்தியாவில் 1900-இல் வடக்கே கசௌலியில் ஒரு நிலையம் ஏற்பட்டது. தென்னாட்டில் நாய் கடித்தவன் அவ்வளவு தூரம் போய்ச் சேருவதற்குள் காலம் கடந்துபோகும். அப்படி 1902-இல் ஓர் ஆங்கிலப் பெண் இறந்தபிறகு, ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வர் கொடுத்த பணத்தைக் கொண்டு 1907-இல் குன்னூர் நிலையம் திறக்கப்பட்டது. அதற்கு முன் செத்த நம் கூலி ஜனங்களுக்குக் கணக்கு வைத்தவர் யார், வெள்ளைக்காரி செத்தபிறகுதானா கண் திறந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஏற்பட்ட நிலையத்தின் ஊசி நம் ஜனங்களுக்கும் கிடைத்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

பிறகு முயலுக்குப் பதிலாகச் செம்மறியாட்டு மூளையில் கிருமியை வளர்த்து, பினால் என்ற மருந்தால் கொன்று செய்யும் ஊசி வந்தது. 1911-இல் செம்பிள் என்ற வைத்தியர் கசௌலியில் கண்ட முறை. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று பெரியவர்கள் சொல்லிப் பயமுறுத்துவார்களே, அதுதான். அது எண்ணிறந்தோரைக் காப்பாற்றிற்று. ஆனால் அதில் ஒரு கேடும் இருந்தது. நரம்புக் கம்பிகளின் மேல் மின்சாரக் கம்பிக்கு இருப்பதுபோல் ஒரு கொழுப்பு உறை உண்டு. ஆட்டு மூளையிலுள்ள அதே பொருள் மனிதன் உடம்பில் போனபோது, சிலருடைய உடம்பு அதைப் பகைவனென்று எண்ணி, தன் சொந்த மூளையையும் தண்டுவடத்தையுமே தாக்கிற்று. நாய்க்குத் தப்பினவன் ஊசியால் கால் விழுந்து படுத்தான். சிலர் இறந்தும் போனார்கள். அவர்கள் முதுகு நீரைப் பரீட்சித்தபோது பலருக்கு அதிலும் வெள்ளை அணுக்கள் ஏறியிருக்கக் கண்டார்கள்.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் நம்மைப்போன்ற மேடைப் பேச்சாளர்களல்ல. அந்த வைத்திய உலகத்தாரே எண்ணிப் பார்த்து, தங்கள் பத்திரிகைகளிலேயே எழுதினார்கள். நரம்பில்லாத உயிரணுக்களில் கிருமியை வளர்க்கும் முறையைத் தேடிக் கண்டார்கள். 2004-ஆம் வருஷக் கடைசியில் இந்தியாவில் ஆட்டு மூளை ஊசி அறவே நிறுத்தப்பட்டது. மற்ற நாடுகள் பல எப்பொழுதோ நிறுத்திவிட்டிருக்க, நம் சர்க்கார் இவ்வளவு தாமதம் செய்தது ஏழைகள்தானே என்ற எண்ணத்தினால்தானோ என்ற சந்தேகம் நமக்கு உண்டு. எப்படியிருந்தாலும், தவறு என்று கண்டதை எழுதி, எண்ணி, மாற்றினார்கள். மனு எழுதினதில் ஒரு வரியையாவது இப்படி "தவறு கண்டோம், இன்று முதல் நிறுத்தினோம்" என்று எந்த மடாதிபதியாவது அறிக்கை விட்டிருக்கின்றாரா என்று கேட்கின்றோம். இதே நிலையத்திலும் கிண்டியிலுள்ள பி.சி.ஜி. நிலையத்திலும் ஊசி தயாரிக்கும் உரிமத்தை 2008-இல் நிறுத்தி வைத்து, பிறகு கூச்சல் கிளம்பி 2010-இல் திருப்பிக் கொடுத்த கதையும் உண்டு. அது தனியே ஒரு கூட்டம் போட்டுப் பேசவேண்டிய விஷயம்.

குழந்தைகளுக்கு ஊசி போடுவதைப் பற்றி மாத்திரம் இன்னும் இரண்டு வார்த்தை. பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. ஊசி, குழந்தைக்குக் க்ஷயரோக மூளைக்காய்ச்சல் வராமல் தடுப்பதற்கே முக்கியமாய் உதவுகின்றது. நம் அக்காள் மகனைப் பிடித்த கிருமிக்கு ஹிப் என்று சுருக்கமாய்ப் பெயர் சொன்னார்கள். அதற்கு எதிரான மருந்தைச் சேர்த்த ஐந்து வியாதி ஊசியை இந்தியாவிலேயே முதன்முதலில் 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் சர்க்கார் இலவசமாய்ப் போட ஆரம்பித்தது. அவனுக்கு அது கிடைக்கவில்லை. அவன் பிள்ளைகளுக்குப் போட்டாயிற்று. நர்சம்மா லயத்துக்கு வரும்போது, காய்ச்சல் வருமென்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தேயிலைச் செடிக்குள் ஒளிகின்ற தாய்மார்கள் இதைத் தயவுசெய்து யோசித்துப் பார்க்கவேண்டும்.

கேள்விச் சீட்டுகள் இரண்டு வந்திருக்கின்றன.

முதற்சீட்டு ஒரு தாயார் எழுதியது. "பிரசவ ஆபரேஷனுக்கு முதுகில் ஊசி போட்டார்கள், அன்று முதல் எனக்கு இடுப்பு வலி, இதற்கு என்ன சொல்கிறீர்கள்?" என்பது. அம்மா, உங்களுக்குப் போட்டதும் நாம் சொன்ன அதே நீருக்குள்தான். பியர் தம்மேல் போட்டுப் பார்த்த அதே முறைதான். உங்களுக்குக் கால் விளங்காமல் போகவில்லை. நடந்துதான் கூட்டத்துக்கு வந்திருக்கின்றீர்கள். அந்த ஊசியால் நாட்பட்ட இடுப்பு வலி வருவதாய் ஆராய்ந்து பார்த்தவர்கள் காணவில்லை. ஊசி போடாமல் சுகப்பிரசவமானவர்களுக்கும் இடுப்பு வலி வருகின்றது. கர்ப்பத்தில் வயிறு இழுத்தது, குனிந்து பாலூட்டுவது, மூன்றாம் மாதமே கொழுந்துக் கூடையை முதுகில் கட்டிக்கொண்டு மலை ஏறுவது இவற்றையெல்லாம் விட்டுவிட்டு ஒரே ஒரு ஊசியின்மேல் பழிபோடுவது சரியாகாது. வலியை டாக்டரிடம் காட்டுங்கள். உங்கள் மேஸ்திரியிடமும் கூடை எடையைக் குறைக்கச் சொல்லி நாம் எல்லோருமாய்க் கேட்போம்.

இரண்டாவது சீட்டு: "நாய் கடித்தால் மிளகாய்ப் பொடியும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டி, மந்திரித்துக் கயிறு கட்டுகிறார்களே, பலருக்குக் குணமாகியிருக்கிறதே?" என்பது. கடித்த நாய்கள் எல்லாமே வெறிநாய்களல்ல. வெறியில்லாத நாய் கடித்தவன் கயிறு கட்டினாலும் பிழைப்பான், கட்டாவிட்டாலும் பிழைப்பான். மந்திரவாதிக்கு அந்தக் கணக்கில்தான் பெயர். வெறிநாயாயிருந்தால் கயிற்றோடு சேர்த்துப் புதைக்க வேண்டியதுதான். கடித்த உடனே குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் காயத்தைக் கழுவுங்கள். மிளகாய், சுண்ணாம்பு, காப்பிப்பொடி எதுவும் வைக்காதீர்கள். அன்றைக்கே சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இப்பொழுது வயிற்றில் பதினான்கு ஊசி கிடையாது, கையில் நாலைந்து ஊசிதான், காசும் கிடையாது. காயம் ஆழமாயிருந்தால் காயத்திலேயே போடும் மருந்து ஒன்றும் உண்டு, அதையும் கேட்டு வாங்குங்கள். முதல் ஊசி போட்டவுடன் வலி குறைந்துவிட்டது என்று மற்ற நாட்களை விட்டுவிடாமல், சீட்டில் எழுதிக் கொடுத்த தேதிகளில் அத்தனை ஊசியையும் போட்டு முடிக்கவேண்டும். கூலி போகுமே என்று தயங்குகின்றவர்கள் நம் தோட்டத்துத் தோழர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்த நாட்களுக்குச் சங்கத்திலிருந்து பஸ் சார்ஜ் கொடுப்பதாய்த் தலைவர் இப்பொழுது நம்மிடம் சொல்லியிருக்கின்றார்.